கிரானுலேட்டிங் வாட்டர்கலர்: எதை வாங்குவது, எப்படிப் பூசுவது

வாட்டர்கலரில் சில வண்ணங்கள் காய்ந்த பிறகு ஒரே சீராக இருப்பதில்லை. தாளின் பள்ளங்களில் நிறம் பொடிப்பொடியாகத் தங்கும், மேடுகள் வெளிறிப்போகும், மொத்தத்தில் மணல் தூவியதுபோல் ஒரு தோற்றம் வரும். இதுதான் கிரானுலேஷன். பாறை, பழைய சுவர், மழைமேகம், ஈரக் கடற்கரை என எதை வரைந்தாலும், பிரஷ்ஷால் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டிருக்காமல் அந்தச் சொரசொரப்பு தானாகவே வந்துவிடும்.

தானாக வருவதுதான் இதில் சிக்கலும். சரியான வண்ணத்தை வாங்கியவர்களில் பலருக்கும் அது வருவதில்லை. காரணம் பெரும்பாலும் வண்ணத்தில் இருக்காது. தண்ணீர் போதாமல் இருந்திருக்கும், அல்லது காய்வதற்குள் கை சும்மா இருந்திருக்காது. வாங்குவதிலிருந்து வரிசையாகப் பார்க்கலாம். அதற்கு முன், தாளின் மேல் என்ன நடக்கிறது என்பது தெரிந்தால் மற்றதெல்லாம் எளிதில் புரியும்.

துகள்கள் செய்யும் வேலை

வாட்டர்கலர் என்பது நிறமித் துகளும், அதைத் தாளோடு பிடித்துவைக்கும் கம் அரபிக் பிசினும் சேர்ந்தது. தாலோ நீலம், குவினாக்ரிடோன் ரோஸ் போன்ற கரிம நிறமிகளின் துகள்கள் மிக நுண்ணியவை. நீரில் எல்லா இடத்துக்கும் சமமாகப் பரவி, தாளின் இழைக்குள் ஏறிக் கறையாகப் பிடித்துக்கொள்ளும். கோபால்ட், இரும்பு, குரோமியம், மாங்கனீஸ் சார்ந்த நிறமிகள் பெரும்பாலும் கனமானவை, துகளும் பெரிது. அவை நெடுநேரம் மிதக்காமல் கீழே இறங்கித் தாளின் குழிகளில் அடைந்துவிடும்.

அல்ட்ராமரீன் நீலத்தின் போக்கு கொஞ்சம் வேறு. அதன் துகள்கள் ஒன்றையொன்று ஈர்த்து, திட்டுத்திட்டாகத் திரண்டுகொள்ளும். இதற்குத் தாளில் குழி இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அதனால்தான் வழவழப்பான தாளிலும் அல்ட்ராமரீன் லேசாகப் புள்ளி விடுகிறது.

ஆக, துகள் நகர்வதற்குத் தண்ணீரும் நேரமும் வேண்டும், வந்து தங்குவதற்கு இடம் வேண்டும். இந்த மூன்றையும் கூட்டிக் குறைப்பதுதான் கிரானுலேஷனைக் கையாளும் மொத்த வித்தை.

வாங்கும்போது பெயரை நம்பாதீர்கள்

ட்யூபின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் பெயர் விற்பனைக்கானது. பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். பி.பி. 29 என்றால் அல்ட்ராமரீன் நீலம், பி.ஜி. 18 என்றால் விரிடியன் பச்சை என்று எழுத்தும் எண்ணுமாக இருக்கும். எந்த நிறுவனத்து ட்யூபாக இருந்தாலும் இந்தக் குறியீடு மாறாது.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஒரே பெயரில் வேறு வேறு நிறமிகள் விற்கப்படுகின்றன. பர்ன்ட் சியன்னாவையே எடுத்துக்கொள்ளுங்கள். டேனியல் ஸ்மித் நிறுவனம் அதை பி.பி.ஆர். 7 என்ற மண் நிறமியில் செய்கிறது; வின்சர் அண்ட் நியூட்டனின் தொழில்முறை வரிசையில் அதே பெயர் பி.ஆர். 101 என்ற செயற்கை இரும்பு ஆக்சைடு. இரண்டும் நல்ல வண்ணங்கள்தான், ஆனால் பூசிப் பார்த்தால் நடத்தை வேறு. மண் நிறமி பொடிவிடும். மற்றது அதைவிடச் சீராகப் படியும்.

இன்னொரு பொறி 'ஹியூ' என்ற சொல். செருலியன் ஹியூ, கோபால்ட் ஹியூ என்றிருந்தால், விலையுயர்ந்த அசல் நிறமிக்குப் பதிலாக மலிவான வேறொன்றைக் கலந்து அதே நிறத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பொருள். நிறம் ஒத்துப்போகும், கிரானுலேஷன் பொதுவாக ஒத்துப்போகாது. மாணவர் தரத்து வண்ணங்களில் இந்த ஹியூக்கள்தான் அதிகம். கூடவே நிரப்புப் பொருளும் இருக்கும். முழு செட்டை மாணவர் தரத்தில் வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. கிரானுலேட்டிங் வண்ணங்கள் இரண்டு மூன்றை மட்டும் தொழில்முறைத் தரத்தில் வாங்கினால் போதும். பெரிய நிறுவனங்களின் வண்ண அட்டவணையில் எது கிரானுலேட் ஆகும் என்று குறித்தே இருக்கும். வின்சர் அண்ட் நியூட்டன் அட்டவணையில் ஆங்கில 'ஜி' எழுத்து அதைத்தான் சொல்கிறது.

எவற்றில் தொடங்கலாம்

முதல் ட்யூப் பிரெஞ்சு அல்ட்ராமரீன், பி.பி. 29. இதில் யோசிக்கவே வேண்டாம். ஒரு காலத்தில் லாபிஸ் லாசுலி கல்லை அரைத்து எடுத்த விலைமதிப்பற்ற நீலம் இது. செயற்கையாகத் தயாரிக்க வழி கண்டுபிடிப்பவருக்கு 6000 பிராங்க் பரிசு என்று பிரான்சில் 1824-ல் ஒரு சங்கம் அறிவித்தது; ஜான்-பாப்டிஸ்ட் கிமே 1828-ல் அதை வென்றார். அந்தப் புண்ணியத்தில் இன்று தொழில்முறைத் தரத்திலேயே மிக மலிவான வண்ணங்களில் இதுவும் ஒன்று. மலிவாகவும் இருக்கிறது, நன்றாகப் பொடியும் விடுகிறது.

இரண்டாவது, பி.பி.ஆர். 7 என்று உறுதிசெய்துகொண்டு ஒரு பர்ன்ட் சியன்னா. இந்த இரண்டையும் கலந்தால் வரும் சாம்பல் நிறங்களை வைத்து மட்டுமே பல மாதம் ஓட்டலாம்.

மூன்றாவது உங்கள் ஆசைப்படி. வானம் வரைபவர்கள் செருலியன் எடுக்கலாம். அசல் செருலியன் பி.பி. 35, பி.பி. 36 கொஞ்சம் பச்சை கலந்த நீலம். இரண்டுமே கோபால்ட் வகை என்பதால் விலை கூடுதல். மரம் செடி வரைபவர்களுக்கு விரிடியன். தனியாகப் பூசினால் படத்தோடு ஒட்டாத ஒரு குளிர்ப் பச்சை. மண் நிறம் எதையாவது சேர்த்தால்தான் அழகு காட்டும். கோபால்ட் டர்க்காய்ஸ் (பி.ஜி. 50) ஆழமில்லாத கடல்நீருக்கு அருமையாக இருக்கும். பாட்டர்ஸ் பிங்க், அதாவது பி.ஆர். 233, பீங்கான் தொழிலுக்காக இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் பிறந்த நிறமி. தனியாகப் பார்த்தால் சாயம் போன துணி மாதிரி ஒரு மங்கல். இதற்கா இவ்வளவு விலை என்று தோன்றும். ஆனால் கூர்மையான பச்சையிலும் நீலத்திலும் துளி சேர்த்தால் அவை அடங்கி, அங்கங்கே இளஞ்சிவப்புப் பொடி மினுங்கும்.

மார்ஸ் பிளாக் (பி.பி.கே. 11) தனி ரகம். டேனியல் ஸ்மித் இதை லூனார் பிளாக் என்ற பெயரில் விற்கிறது. கருப்புப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சிதறி நிற்கும். கிரானுலேஷன் என்றால் என்ன என்று ஒருவருக்குக் காட்ட வேண்டுமானால் இதைத்தான் எடுப்பேன். இரும்பு ஆக்சைடு என்பதால் காந்தத்துக்கும் அசையும். நீர்த்த வண்ணத்தை அகலமாகப் பூசிய ஈர வாஷுக்கு அடியில் தாளோடு ஒட்டி ஒரு காந்தத்தை நகர்த்திப் பாருங்கள், துகள்கள் கூடவே வரும். ஓவியத்துக்கு எவ்வளவு பயன்படுமோ, விளையாட்டுக்கு நன்றாக இருக்கிறது.

அப்புறம், தயார்நிலைக் கலவைகள். ஷ்மிங்க நிறுவனம் கேலக்ஸி, கிளேசியர், டீப் சீ, ஃபாரஸ்ட், டுண்ட்ரா என்று சூப்பர் கிரானுலேஷன் வரிசையே வைத்திருக்கிறது. டேனியல் ஸ்மித்தின் மூன்க்ளோ பெயர்பெற்றது. அது விரிடியன், அல்ட்ராமரீன் நீலம், பி.ஆர். 177 சிவப்பு மூன்றின் கலவை. இவை அழகானவை என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் முதலில் வாங்க வேண்டியவை இவை அல்ல என்பது என் கருத்து. கலவை ட்யூபில் எந்தத் துகள் எங்கே போகிறது என்று கற்றுக்கொள்ள முடியாது. ஒற்றை நிறமிகளை வைத்து நீங்களே கலக்கப் பழகிய பிறகு வாங்கினால் அந்த ட்யூபின் அருமை இரண்டு மடங்காகத் தெரியும்.

ட்யூபா, சிறு பெட்டியில் காய்ந்த கட்டியாக வரும் 'பேன்' வகையா என்றால் ட்யூப்தான். கிரானுலேஷனுக்குத் தாராளமாக வண்ணம் கரைக்க வேண்டும். காய்ந்த பேனைத் தேய்த்துத் தேய்த்து அவ்வளவு எடுப்பது கஷ்டம். குறிப்பாக விரிடியன், பேனில் காய்ந்தால் எளிதில் கரையாது.

தாள் இல்லாமல் கதை இல்லை

துகள் தங்குவதற்குக் குழி வேண்டும் என்றோம். ஹாட் பிரஸ் தாள் வழவழப்பானது, அதில் குழி மிகக் குறைவு. கோல்டு பிரஸ்ஸில் மிதமாக இருக்கும். ரஃப் தாளில் ஆழமாக இருக்கும். தொடங்குபவர்களுக்கு 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) கோல்டு பிரஸ் போதும். முடிந்தால் நூறு சதவீதம் பருத்தித் தாள். பருத்தி மெதுவாகக் காயும் என்பதால் துகள் இறங்க நேரம் கிடைக்கும். மெல்லிய தாளில் தண்ணீர் விட்டால் அலை அலையாக வளைந்துவிடும். பள்ளத்தில் குளம் கட்டி, எல்லாத் துகளும் அங்கே போய்ச் சேரும். அது கிரானுலேஷன் இல்லை, கறை.

பேப்பர் மாறினால் வண்ணமே மாறியதுபோல் இருக்கும் என்பதால், ஒரு வண்ணத்தைப் பிடிக்கவில்லை என்று ஒதுக்கும் முன் வேறொரு தாளில் ஒருமுறை பூசிப் பாருங்கள்.

படி 1: சோதனை அட்டை

ஓவியத்துக்குப் போகும் முன் ஒவ்வொரு ட்யூபுக்கும் ஒரு சோதனை அட்டை செய்யுங்கள். ஓவியத்துக்குப் பயன்படுத்தப்போகும் அதே தாளில் மூன்று கட்டங்கள். நீர்புகா மையால் குறுக்கே ஒரு கோடு. முதல் கட்டத்தில் வண்ணத்தைக் கெட்டியாகப் பூசுங்கள். இரண்டாவதில் பால் பதத்தில். மூன்றாவதில் தாளை முதலில் ஈரமாக்கிவிட்டு, நீர்த்த வண்ணத்தை வழியவிடுங்கள். காய்ந்ததும் ஓரமாக ஒரு ஈர பிரஷ்ஷால் தேய்த்து, டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள்.

இந்த ஒரு அட்டை நான்கு விஷயம் சொல்லும். எந்தப் பதத்தில் பொடி அதிகம், மையின் மேல் வண்ணம் படர்ந்து மறைக்கிறதா இல்லையா, காய்ந்தால் எவ்வளவு வெளிறுகிறது, தேய்த்தால் கழன்று வருகிறதா. கெட்டியாகப் பூசிய கட்டத்தில் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. வண்ணம் வாங்கி ஏமாந்தோம் என்று நினைப்பவர்கள் பலரும் அந்தப் பதத்தில்தான் பூசிக்கொண்டிருப்பார்கள்.

படி 2: முதல் வாஷ்

அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் எடுத்துக்கொள்ளுங்கள். பேலட்டின் பெரிய குழியில், பூச வேண்டிய இடத்துக்குத் தேவையானதைவிடக் கூடுதலாகவே கரையுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கரைக்கப் போனால், அதற்குள் தாள் பாதி காய்ந்து கோடு விழுந்துவிடும். பதம் பால் மாதிரி. நீலம் கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும்.

தாளைப் பலகையில் ஒட்டி, தலைப்பக்கத்தை லேசாக உயர்த்துங்கள். தண்ணீர் நிறையப் பிடிக்கும் பெரிய பிரஷ், மாப் பிரஷ் இருந்தால் நல்லது. பிரஷ்ஷை ஒவ்வொரு முறை தோய்க்கும்போதும் குழியை ஒரு கலக்குக் கலக்குங்கள். கன நிறமி பேலட்டிலேயே அடியில் படிந்துவிடும், மேலே இருக்கும் தண்ணீரை மட்டும் எடுத்துப் பூசிவிட்டு 'வரவில்லையே' என்போம். மேலிருந்து கீழாக ஒரே ஓட்டத்தில் பூசுங்கள். கீழ்விளிம்பில் சேரும் உருண்டையைப் பிழிந்த பிரஷ்ஷால் உறிஞ்சிவிட்டு, பலகையைப் படுக்கவைத்துவிட்டு, பிரஷ்ஷைக் கீழே வையுங்கள். கீழே வையுங்கள் என்றால் உண்மையிலேயே கீழே.

இனி கவனியுங்கள். முதலில் தாள் முழுதும் கண்ணாடிபோல் பளபளக்கும், நிறம் ஒரே சாம்பலாகத் தட்டையாக இருக்கும். வேலை கெட்டுப்போனது என்று தோன்றும். ஒன்றிரண்டு நிமிடத்தில் பளபளப்புக்கு அடியில் நீலம் சிறு சிறு மேகங்களாகத் திரளத் தொடங்கும். பளபளப்பு மங்கும் நேரத்தில்தான் முக்கிய மாற்றம் நடக்கிறது. தாளின் மேடுகள் தலைகாட்டும். பழுப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம் என்று சாம்பல் பிரியும். முழுதும் காய்ந்தபின் எட்ட நின்று பார்த்தால் சாம்பல், கிட்டே போனால் இரண்டு நிறங்கள்.

பளபளப்பு மங்கும் அந்த நேரத்தில்தான் கை பரபரக்கும். இந்த மூலையில் ஒரு சொட்டு, அந்த ஓரத்தில் ஒரு தடவு என்று. தொட்டால் இறங்கிக்கொண்டிருக்கும் துகள் கலைந்து, அந்த இடம் மட்டும் வழுக்கையாகிவிடும். ஹேர் டிரையரும் அப்படித்தான்: துகள் நகரும் நேரத்தைத் திருடிவிடும், காற்று வேகத்தில் ஈரத்தை ஒரு பக்கம் தள்ளியும் விடும்.

படி 3: பிரியும் கலவைகள்

ஒற்றை வண்ணம் கைவந்தபின் கலவைதான் சுவையான பகுதி. இதில் இரண்டு வழி.

ஒன்று, இரண்டுமே கிரானுலேட் ஆகும் வண்ணங்கள். மேலே பார்த்த சாம்பல் இந்த வகை. விரிடியனும் கோபால்ட் வயலட்டும் (பி.வி. 14) சேர்த்தால் முத்துச்சிப்பியின் உட்புறம்போல ஒரு மென்சாம்பல். செருலியனும் பாட்டர்ஸ் பிங்கும் சேர்த்தால் மாலை மேகம்.

மற்றது, ஒன்று பொடிவிடுவது, ஒன்று கறைபிடிப்பது. என் விருப்பம் இதுதான். குவினாக்ரிடோன் ரோஸோடு கோபால்ட் டர்க்காய்ஸைக் கலந்து பூசுங்கள். ரோஸ் தாளுக்குள் ஏறி அடிநிறமாக விரியும். டர்க்காய்ஸ் அதன் மேல் பொடியாக உட்காரும். இரண்டையும் தனித்தனியாக இரண்டு முறை பூசினாலும் இவ்வளவு பிரிவு வராது. மூன்க்ளோவில் நடப்பதும் ஏறக்குறைய இதுவே.

இந்தக் கலவைகளைப் பேலட்டில் அளவுக்கு மீறிக் கலக்காதீர்கள். இரண்டும் தெரியும்படி அரைகுறையாகக் கலந்து எடுத்தாலோ, ஈரத் தாளிலேயே ஒன்றின் மேல் ஒன்றை விட்டாலோ இன்னும் நன்றாக இருக்கும். மூன்று நிறமிக்கு மேல் போனால் எல்லாம் சேர்ந்து சேறுதான்.

எங்கே பூசலாம், எங்கே கூடாது

தாள் முழுக்கப் பொடியாக இருந்தால் கண்ணுக்கு எதுவும் தனித்துத் தெரியாது. ஒரு பாறை சொரசொரப்பாகத் தெரிய வேண்டுமானால் பக்கத்தில் இருக்கும் நீர் வழவழப்பாக இருக்க வேண்டும். அதனால் வானத்துக்கோ தரைக்கோ ஏதோ ஒன்றுக்கு மட்டும் கிரானுலேட்டிங் வண்ணத்தைக் கொடுத்து, மற்றதைச் சீரான வண்ணத்தில் வையுங்கள். தெளிந்த நீலவானத்தில் அல்ட்ராமரீன் பொடிவிட்டால் தூசு படிந்ததுபோல் இருக்கும்; மேகமூட்டத்தில் அதே பொடி வரம்.

முகம் வரையும்போது ஜாக்கிரதை. கன்னத்தின் நிழலில் பொடி விழுந்தால் அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிடும். வயதானவர்களின் முகத்துக்கு அது பொருந்தலாம், குழந்தைக்குப் பொருந்தாது. பூவிதழ், கண்ணாடி, பளபளக்கும் உலோகம் இவற்றுக்கும் நுண்துகள் வண்ணங்களே சரி.

சிறிய ஓவியத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. தபால் அட்டை அளவுத் தாளில் ரஃப் தாளின் குழி ஒரு வீட்டின் சன்னல் அளவு இருக்கும். அளவு சிறியதானால் தாளின் சொரசொரப்பையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கூட்டவும் குறைக்கவும்

இன்னும் வேண்டுமென்றால்: தாளை முன்கூட்டியே ஈரமாக்குவது, தண்ணீரைக் கூட்டுவது, ரஃப் தாளுக்கு மாறுவது. ஈரமாக இருக்கும்போதே பலகையை இப்படியும் அப்படியும் மெதுவாகச் சாய்த்தால் துகள் உருண்டோடிக் குழிகளைத் தேடிக்கொள்ளும். கிரானுலேஷன் மீடியம் என்று புட்டியிலும் விற்கிறார்கள். தண்ணீரோடு சேர்க்கலாம், தண்ணீருக்குப் பதிலாகவே ஊற்றிக் கரைத்தால் விளைவு அதிகம். தாலோ நீலம் போன்ற சீரான வண்ணங்களைக்கூட அது கொஞ்சம் பொடிவிட வைக்கும். ஏற்கெனவே கிரானுலேட் ஆகும் வண்ணத்துக்கு அது தேவையா என்றால், எனக்குத் தோன்றவில்லை.

குறைக்க வேண்டுமென்றால்: தண்ணீரைக் குறைத்து, வழவழப்பான தாளில், சீக்கிரம் காயும்படி. உப்புநீர், அதாவது கடினநீர் உள்ள இடங்களில் வண்ணம் அதிகமாகத் திரளும். அங்கே காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் சீராகப் படியும்.

மேலே இன்னொரு பூச்சு

குழியில் தங்கிய துகள் தாளுக்குள் ஏறியிருக்காது, பிசின் மட்டும்தான் பிடித்துவைத்திருக்கும். ஆகவே அதன் மேல் மறுபூச்சுப் போட்டால் கிளம்பி வந்துவிடும். வரிசையைத் திட்டமிடுங்கள்: கறைபிடிக்கும் சீரான வண்ணங்கள் முதலில், அவை நன்றாகக் காய்ந்தபின் கிரானுலேட்டிங் வண்ணம் மேலே. தவிர்க்க முடியாமல் அதற்கும் மேல் பூச நேர்ந்தால், மென்மையான பிரஷ்ஷில் நிறைய வண்ணம் எடுத்து, ஒரு இடத்தில் ஒரே ஒரு தடவை, அழுத்தாமல்.

இதே குணம் உதவியும் செய்யும். விரிடியன், கோபால்ட் நீலம் போன்றவற்றை ஈர பிரஷ்ஷால் தேய்த்து ஒற்றினால் ஏறக்குறைய வெள்ளைத் தாள் வரை போகலாம். மேகத்தின் ஓரம், பாறையின் வெளிச்ச விளிம்பு எல்லாம் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

கழுவுவதும் பாதுகாப்பும்

கோபால்ட், மாங்கனீஸ் நிறமிகள் உடம்புக்குள் போகக்கூடாதவை. ஈரமாகப் பூசுவதில் பயப்பட ஒன்றுமில்லை. பிரஷ் முனையை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். காய்ந்த வண்ணத்தைச் சுரண்டித் தூசு கிளப்புவதும், ஸ்பிரே செய்வதும் வேண்டாம். அல்ட்ராமரீனுக்கு அமிலம் ஆகாது, நிறம் வெளுத்துவிடும். அமிலமில்லாத தாளிலும் அட்டையிலும் வைத்துப் பாதுகாக்க வேண்டும்.

பிரஷ் கழுவும் தண்ணீருக்கு இரண்டு பாத்திரம் வையுங்கள். ஒன்றில் முதல் கழுவல், மற்றது சுத்தமான நீர். கன நிறமி முதல் பாத்திரத்தின் அடியில் வண்டலாகப் படியும். பிரஷ்ஷை அடிவரை விட்டுக் குத்தினால் அந்த வண்டல் ரோமத்தின் வேருக்குள் ஏறி, அடுத்த மஞ்சளில் கருப்புப் புள்ளியாக வந்து நிற்கும். இரவு முழுக்க அப்படியே வைத்து, தெளிந்த நீரை மெல்ல இறுத்துவிட்டு, வண்டலைக் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். பேலட் குழியில் மிச்சமிருக்கும் அல்ட்ராமரீனையும் சியன்னாவையும் கழுவ வேண்டாம். காயவிடுங்கள், அடுத்த நாள் தண்ணீர் விட்டுக் கலக்கினால் மறுபடி எழும்.